செனெத் உண்மையில் எதைச் சாதித்திருக்கிறது? வேல்ஸ் சட்டமன்றம் பற்றி ஒரு கேள்வி

நியூபோர்ட்வாசி:

வணக்கம். வேலை நிமித்தம் குடும்பத்தோடு நியூபோர்ட்டுக்குக் குடிவந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. போன வாரம் வாக்காளர் பதிவு தொடர்பாக ஒரு கடிதம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க வேல்ஷ் மொழி, திருப்பினால் அதே விவரம் ஆங்கிலத்தில். இந்தியக் குடியுரிமையோடு இருந்தாலும் முறையான விசாவில் இங்கே வசிப்பதால், 2026 மே 7-ஆம் தேதி நடக்கும் செனெத் தேர்தலில் எனக்கும் மனைவிக்கும் வாக்குண்டு என்பது அதைப் படித்த பிறகுதான் தெரிந்தது. பதினாறு வயது நிரம்பிய மகளுக்கும் உண்டாம். அவள் இப்போதே எங்களைக் கேள்விகளால் துளைக்கிறாள். என்னிடம் பதில் இல்லை.

அலுவலகத்தில் இருவரிடம் விசாரித்தேன். ஒருவர், அது வெறும் பேச்சு மண்டபம், வரிப்பணம்தான் வீண் என்றார். மற்றவர், நீங்கள் மருந்துக்குக் காசு கொடுக்காமல் வாங்குவதே அதனால்தான் என்றார். இருவரும் இதே ஊரில் பிறந்தவர்கள். தினமும் பிரின்கிளாஸ் சுரங்கப்பாதைக்கு முன்னால் எம்4 நெடுஞ்சாலையில் ஊர்ந்து செல்கிறவன் என்ற முறையில், அங்கே மாற்றுச்சாலை வராமல் போனதற்கும் இவர்கள்தான் காரணம் என்று கேள்விப்படுகிறேன்.

இந்தச் சட்டமன்றம் எப்படி, எதற்காக உண்டானது? நம் ஊர் மாநிலச் சட்டமன்றத்தைப் போன்றதா, அல்லது பெரிய மாநகராட்சி மன்றம் என்று மட்டும் சொல்லத்தக்கதா? கால் நூற்றாண்டு ஓடிய பிறகு இதனால் என்ன நடந்தது என்று நேர்மையாகச் சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள். கட்சிப் பிரசாரம் வேண்டாம்.

மருந்துச்சீட்டு:

நண்பருக்கு வணக்கம். நான் 1996 முதல் ஸ்வான்சியில் இருக்கிறேன்; பெயரிலிருந்தே தொழிலை ஊகித்திருப்பீர்கள். முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், சட்ட நுணுக்கத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன்: செனெத் என்பதன் கடைசி ஒலி, நாம் "அது" என்று சொல்லும்போது வருகிற அந்த மெல்லிய த-ஒலி. அதற்கென்று தனிப்பயிற்சி தேவைப்படாத ஆட்கள் நாம்தான்.

வேல்ஸ் 16-ஆம் நூற்றாண்டிலேயே, எட்டாம் ஹென்றியின் காலத்துச் சட்டங்களால் இங்கிலாந்தோடு ஒரே சட்ட அமைப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. ஸ்காட்லாந்துக்கு இணைப்புக்குப் பிறகும் தனி நீதிமன்றங்களும் தனிச் சட்டமும் மிஞ்சியிருந்தன. வேல்ஸுக்கு மொழியைத் தவிர அதிகம் மிஞ்சவில்லை. ஆகவே இங்கே சட்டமன்றக் கோரிக்கை, இழந்த ஒன்றைத் திருப்பிக் கேட்பதாக எழாமல், எங்கள் சம்மதம் என்பதற்கு ஒரு மதிப்பே இல்லையா என்ற ஆற்றாமையிலிருந்து எழுந்தது. அதைப் புரிந்துகொள்ள ட்ரவெரின் பள்ளத்தாக்கைத் தெரிந்திருக்க வேண்டும். லிவர்பூல் மாநகராட்சி தன் தண்ணீர்த் தேவைக்காக பாலா நகருக்கு அருகே ஓர் அணை கட்ட முடிவு செய்து, 1957-இல் அதற்கான தனிச்சட்டத்தை வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது லண்டன் நாடாளுமன்றத்தில், நிறைவேற்றிக்கொண்டது. நேராக நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டதால் அந்த வட்டாரத்து உள்ளாட்சிகளின் திட்ட அனுமதிகூடத் தேவைப்படவில்லை. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை, 35 பேர் எதிர்த்தார்கள், சட்டம் நிறைவேறியது. 1965-இல் காப்பெல் கெலின் என்ற வேல்ஷ் பேசும் கிராமம் பள்ளிக்கூடம், அஞ்சல் நிலையம், தேவாலயம், வயல்கள் எல்லாவற்றோடும் நீருக்குள் போனது. கெரடிகியன் கடற்கரைச் சாலையில் போனால் இடிந்த சுவர் ஒன்றில் சிவப்பின்மேல் வெள்ளை எழுத்தில் "ட்ரவெரினை மறவாதே" என்று வேல்ஷில் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். பலமுறை சிதைக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் மறுபடி எழுதப்பட்ட சுவர் அது.

இவ்வளவு நடந்தும், 1979 மார்ச் 1-ஆம் தேதி, அதாவது இந்த நாட்டின் காவல் புனிதரான டேவிட்டின் திருநாளில், சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது மக்கள் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வேண்டாம் என்றார்கள். அன்றிருந்த எட்டு மாவட்டங்களில் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை. வேல்ஷ் பேசாத தெற்கு, வேல்ஷ் பேசுகிறவர்களின் ஆதிக்கத்தை அஞ்சியது. வேல்ஷ் பேசும் வடக்கு, தலைநகர் கார்டிஃபின் ஆதிக்கத்தை அஞ்சியது.

மனம் மாறியது அடுத்த பதினெட்டு ஆண்டுகளில். சுரங்கங்கள் மூடப்பட்டன, 1984-85 வேலைநிறுத்தம் தோற்றது, வேல்ஸ் தொடர்ந்து லேபர் கட்சிக்கே வாக்களித்தும் லண்டனில் கன்சர்வேடிவ் ஆட்சியே நடந்தது. 1987-இலிருந்து வேல்ஸுக்கான அமைச்சராக அடுத்தடுத்து வந்த நால்வருமே இங்கிலாந்துத் தொகுதிகளின் உறுப்பினர்கள். அவர்களில் ஜான் ரெட்வுட், வேல்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஏறத்தாழ 10 கோடி பவுண்டைச் செலவழிக்காமல் கருவூலத்துக்கே திருப்பி அனுப்பினார். நாட்டுப்பண் பாடும்போது வார்த்தை தெரியாமல் அவர் வாயசைத்த காட்சியை இன்றும் இங்கே போட்டுச் சிரிக்கிறார்கள், ஆனால் ஆட்களின் மனத்தைப் புண்படுத்தியது அந்தப் பணம்தான். மருத்துவம், வளர்ச்சி, வீட்டுவசதி என்று பெரும்பகுதியை நியமன வாரியங்கள் நடத்தின. யாரையும் வாக்கால் நீக்க முடியாது.

நான் வந்த மறு ஆண்டு, 1997 செப்டம்பர் 18 அன்று, இரண்டாவது பொது வாக்கெடுப்பு. இரவு முழுதும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். விடியும் நேரம் வரை வேண்டாம் என்பதே முன்னால் இருந்தது. கடைசியாக கார்மார்தன்ஷயர் முடிவு வந்தது, கணக்கு கவிழ்ந்தது. ஆதரவு 5,59,419, எதிர்ப்பு 5,52,698. வித்தியாசம் 6,721 வாக்குகள். 1966-இல் வேல்ஷ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரிக்கு முதல் நாடாளுமன்ற உறுப்பினரைக் கொடுத்த கார்மார்தனே இதையும் முடித்துவைத்தது. கார்டிஃப் வேண்டாம் என்றது, பிறகு சட்டமன்றம் அங்கேயே போய் உட்கார்ந்தது. உங்கள் நியூபோர்ட்டும் வேண்டாம் என்ற ஊர்தான்.

பயன் பற்றி என் கடை மேசைக்கு இந்தப்புறமிருந்து பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். மருந்துச்சீட்டுக் கட்டணம் இருந்த நாட்களில், மூன்று மருந்து எழுதிய சீட்டோடு வருகிறவர் குரலைத் தாழ்த்தி, "இதில் எதை விட்டால் பரவாயில்லை?" என்று கேட்பார். பெரும்பாலும் வேலையில் இருக்கிறவர், விலக்குப் பட்டியலில் இல்லாதவர், ஆஸ்துமாவோ இரத்த அழுத்தமோ உள்ளவர். வலிமாத்திரையை வாங்கிக்கொண்டு இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடுவார், ஏனென்றால் வலி தெரியும், அழுத்தம் தெரியாது. கட்டணம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2007 ஏப்ரல் 1 முதல் அறவே நீக்கப்பட்டது. அந்தக் கேள்வி அதன்பிறகு என் காதில் விழுந்ததில்லை. இங்கிலாந்தில் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு.

அவைக்குறிப்பு:

முன்னவர் வரலாற்றை நன்றாகச் சொல்லிவிட்டார். நான் சட்ட ஆவணங்களோடு புழங்குகிற வேலையில் இருப்பவள், ஆகவே இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு: இலங்கைத் தமிழில் "அதிகாரப் பகிர்வு" என்று வழங்குவதே இங்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன், ஆனால் வேல்ஸில் நடந்தது பகிர்வு என்பதைவிடத் தவணைமுறைக் கொடுப்பனவு என்றால் இன்னும் சரியாக இருக்கும்.

நம் மாநிலச் சட்டமன்றத்தோடு ஒப்பிடக் கேட்டீர்கள். இந்தியாவில் மாநிலங்களின் அதிகாரம் எழுதப்பட்ட அரசமைப்பின் பட்டியலில் இருக்கிறது. செனெத்தின் அதிகாரமோ வெஸ்ட்மின்ஸ்டர் இயற்றிய சாதாரணச் சட்டங்களில் இருக்கிறது. கொடுத்தவர் கோட்பாட்டளவில் திருப்பி எடுக்கலாம். வேல்ஸ் மக்கள் பொது வாக்கெடுப்பில் முடிவு செய்தாலொழிய இதைக் கலைக்க முடியாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்; அந்த வாக்கியத்தையே இன்னொரு சட்டத்தால் நீக்க முடியுமா என்பது வகுப்பறையில் அலசப்படும் கேள்வி.

1999 மே மாதத்தில் முதல் 60 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அதைச் சட்டமன்றம் என்று அழைத்ததே மிகை. 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அமைச்சர்களையும் உறுப்பினர்களையும் ஒரே சட்டப்பூர்வ அமைப்பாக, ஏறக்குறைய ஒரு மாவட்ட மன்றத்தைப் போலவே அமைத்திருந்தது. ஆட்சி எது, அதைக் கேள்வி கேட்கும் அவை எது என்ற பிரிவே கிடையாது. லண்டன் இயற்றும் சட்டங்களுக்கு உட்பட்ட விதிகளையும் ஆணைகளையும் மட்டுமே பிறப்பிக்க முடியும். ஆகவே உங்கள் அலுவலக நண்பர் சொன்ன "பேச்சு மண்டபம்" என்பது அந்த முதல் எட்டு ஆண்டுகளுக்கு அநியாயமான சொல் அல்ல. ஆயினும் அந்த நிலையிலும் அது ஓர் ஆட்சித் தலைவரை வீழ்த்தியது: மேற்கு வேல்ஸுக்கும் பழைய சுரங்கப் பள்ளத்தாக்குகளுக்கும் வரவேண்டிய ஐரோப்பிய நிதிக்கு ஈடான தொகையை லண்டனிடமிருந்து பெற்றுத் தரவில்லை என்ற குற்றச்சாட்டில், 2000 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்த அன்றே ஆலன் மைக்கேல் பதவி விலகினார். லண்டன் தலைமையின் விருப்பத்தில் வந்தவர் அவர். அவர் இடத்துக்கு வந்த ரோட்ரி மார்கன் 2009 வரை நீடித்தார்.

பிறகுதான் தவணைகள். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் அவையையும் பிரித்தது, அத்துடன் ஒரு விசித்திரமான ஏற்பாட்டையும் செய்தது: ஒரு பொருள் பற்றிச் சட்டம் இயற்ற விரும்பினால், முதலில் அந்தப் பொருளுக்கான அதிகாரத்தைத் தனி ஆணையாக வெஸ்ட்மின்ஸ்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். சமைக்க விரும்புகிறவர் ஒவ்வொரு முறையும் அடுத்த வீட்டுக்குப் போய் அடுப்பைக் கேட்பது போன்றது. மலிவு வீட்டுவசதி தொடர்பான ஆணை ஒன்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2011 மார்ச் 3 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 63.5 சதவீதம் பேர் ஆதரித்து முழுச் சட்டமியற்றும் அதிகாரம் கிடைத்தது. மான்மவுத்ஷயர் மட்டும் சில நூறு வாக்குகளில் மறுத்தது. 1997-இன் 6,721-ஐ நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். பலவீனமான அவையைப் பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்த மக்கள், அதைக் கலைக்கச் சொல்லாமல் வலுப்படுத்தச் சொன்னார்கள். வாக்களித்தவர்கள் 35.6 சதவீதமே என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதிகாரம் கிடைத்ததும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2012-இல் நிறைவேறிய முதல் மசோதாவே, பூங்கா, கடற்கரை போன்றவற்றுக்கு உள்ளாட்சிகள் இயற்றும் சிறு விதிகள் பற்றியது, உச்ச நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது, வேல்ஸ் வென்றது. 2014-இல் விவசாயத் தொழிலாளர் கூலி வழக்கு இன்னும் சுவையானது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவாக இருந்த கூலி நிர்ணய வாரியத்தை லண்டன் ஒழித்தபோது, தன் பகுதித் தொழிலாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பைத் தொடர வேல்ஸ் ஒரு சட்டம் இயற்றியது. கூலி என்பது வேலைவாய்ப்புச் சட்டம், அது உங்கள் வரம்பில் இல்லை என்றது லண்டன். விவசாயம் எங்கள் வரம்பு, இது விவசாயிகள் சம்பந்தப்பட்டது என்றது கார்டிஃப். நீதிமன்றம் கார்டிஃபின் பக்கம் நின்றது. மறு ஆண்டே, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) நோயாளிகளின் மருத்துவச் செலவைக் காப்பீட்டு நிறுவனங்களிடம் வசூலிக்க முயன்ற மசோதாவை அதே நீதிமன்றம் செல்லாது என்றது. இப்படி ஒவ்வொன்றுக்கும் வழக்காடும் நிலை தாங்காமல்தான், ஒதுக்கப்பட்டவை தவிர மற்றவை எல்லாம் வேல்ஸுக்கு என்ற முறை 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2020-இல் பதினாறு வயது வாக்குரிமையோடு செனெத் என்ற பெயரும் வந்தது.

பலன் என்று கேட்டால் நான் மூன்று சட்டங்களைச் சொல்வேன். 2011 அக்டோபரில் கடைப் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் விதித்தது. பிரிட்டனின் நான்கு நாடுகளில் இதுவே முதலில், இங்கிலாந்து 2015-இல்தான் வந்தது. 2015 டிசம்பரில், மறுப்புத் தெரிவிக்காதவர்கள் உறுப்பு தானத்துக்கு இசைந்ததாகக் கொள்ளும் முறை. இங்கிலாந்து 2020-இலும் ஸ்காட்லாந்து 2021-இலும் பின்தொடர்ந்தன. மூன்றாவது, அரசு அமைப்புகள் வருங்காலத் தலைமுறைகளின் நலனையும் எண்ணி முடிவெடுக்க வேண்டும் என்கிற, 2015-இன் வருங்காலத் தலைமுறைகள் சட்டம். இதைக் காகிதப் புலி என்று எளிதாகத் தள்ளிவிடலாம், ஆனால் உங்கள் சுரங்கப்பாதை விஷயத்துக்கே வருகிறேன். எம்4 மாற்றுச்சாலைக்கு 140 கோடி பவுண்டுக்கு மேல் மதிப்பிட்டிருந்தார்கள். விசாரணை நடத்திய ஆய்வாளர் கட்டலாம் என்றே பரிந்துரைத்தார். அந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட ஆணையர் எதிர்த்தார். 2019 ஜூனில் முதல்வர் மார்க் டிரேக்ஃபோர்டு, செலவையும் குவெண்ட் சதுப்பு நிலத்துக்கு நேரும் சேதத்தையும் காட்டி மறுத்தார். ஆயத்தப் பணிக்கு மட்டும் 10 கோடி பவுண்டுக்கு மேல் போயிருந்தது. முடிவு சரியா தவறா என்று நான் சொல்லமாட்டேன். ட்ரவெரினில் பள்ளத்தாக்குக்காகவோ கிராமத்துக்காகவோ கேட்க ஆளில்லை. இங்கே கேட்பதற்கு ஆள் இருந்தது, பதில் சொல்லவும் ஒருவர் இருந்தார், உங்களுக்குக் கோபம் என்றால் அவர் கட்சியை எதிர்த்து வாக்களிக்க ஒரு சீட்டும் கையில் இருக்கிறது.

எதிர்த்தரப்பு:

இருவரும் எழுதியதில் தவறான செய்தி எதுவும் இல்லை, ஆனால் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதையும் கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டும். கடைப் பைக்கான கட்டணம், உறுப்பு தானம் எல்லாம் ஒரு சட்டப்பிரிவை மாற்றினால் நடந்துவிடுகிறவை. ஒரு சட்டமன்றத்தின் திறன் தெரிவது மருத்துவமனையிலும் பள்ளிக்கூடத்திலும்தான். அவை இரண்டும் முதல் நாளிலிருந்தே கார்டிஃபின் கையில் இருக்கின்றன.

என் மாமியாருக்கு முழங்கால் மாற்று அறுவை. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். பட்டியலில் பெயர் ஏறி இரண்டு ஆண்டும் சில மாதங்களும் கழிந்து அழைத்தார்கள். அதற்குள் அவர் மாடிப்படி ஏறுவதை விட்டு, கீழ் அறையில் கட்டில் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சட்டகத்தோடு நடக்கப் பழகியிருந்தார். இங்கிலாந்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருப்பவர்கள் ஏறத்தாழ இல்லாமல் ஆன பிறகும் வேல்ஸில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பள்ளிக்கல்வியை எடுத்துக்கொண்டால், 15 வயது மாணவர்களுக்கான பிசா என்ற பன்னாட்டுத் தேர்வில் வேல்ஸ் 2006-இல் தனியாகக் கணக்கிடப்பட்டதிலிருந்து பிரிட்டனின் நான்கு நாடுகளில் கடைசியாகவே நிற்கிறது. 2022-இல் கணிதத்தில் இங்கிலாந்து 492, வேல்ஸ் 466. தேர்வு முடிவுகளின் அடிப்படையில் பள்ளிகளை வரிசைப்படுத்தி வெளியிடுவதை 2001-இல் நிறுத்தியது இந்த அவைதான். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கல்வியாளர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள்.

2021 வரை நடந்த ஆறு தேர்தலிலும் ஒரே கட்சிதான் முதலிடம். ஆட்சி மாறும் என்ற அச்சம் இல்லாத இடத்தில் கேள்வி நேரத்துக்கு என்ன கூர்மை இருக்கும்? மக்களும் அப்படித்தான் நினைத்தார்கள் போலும், அந்த ஆறு தேர்தலில் ஒன்றில்கூட வாக்குப்பதிவு 50 சதவீதத்தை எட்டவில்லை, 2003-இல் 38. 2023 செப்டம்பரில் ஊர்ச்சாலைகளில் வேக வரம்பை 30-இலிருந்து 20 மைலாகக் குறைத்தபோது, எதிர்த்து ஏறத்தாழ 4,70,000 பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். செனெத்தின் வரலாற்றில் எந்த மனுவுக்கும் இத்தனை கையெழுத்து விழுந்ததில்லை. விபத்தில் காயமடைவோர் எண்ணிக்கை அதன்பின் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் ஆண்டே பின்வாங்கி, எந்தச் சாலையைப் பழைய வரம்புக்குத் திருப்பலாம் என்று உள்ளாட்சிகளிடம் கேட்க வேண்டிய நிலை வந்ததே, நன்கு ஆராய்ந்து இயற்றியிருந்தால் வந்திருக்குமா?

இந்த நிலையில் உறுப்பினர்களை 60-இலிருந்து 96 ஆக்குகிறார்கள். மருத்துவர்கள் போதவில்லை என்று கேட்டோம், உறுப்பினர்களைக் கொடுக்கிறார்கள்.

நியூபோர்ட்வாசி:

மூவருக்கும் நன்றி. ட்ரவெரின் பற்றி மகளிடம் சொன்னேன். பள்ளியில் ஏற்கெனவே படித்துவிட்டாளாம், எனக்குத்தான் புதிது.

எதிர்த்தரப்பு ஐயா சொல்வது மனத்தில் தைக்கிறது. ஆனால் மருத்துவமனைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குத் தெளிவில்லை. சம்பளப் பட்டியலில் என் வரிக் குறியீடு "சி" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது; அது வேல்ஸுக்கானது என்றார்கள். அப்படியானால் வரியும் இவர்கள் கையில்தானா? ரயிலும் காவல்துறையும் யாருடையவை?

அவைக்குறிப்பு:

அந்த "சி" வேல்ஸின் வேல்ஷ் பெயரான "கம்ரி"யைக் குறிப்பது. 2019 ஏப்ரல் முதல் வருமான வரியின் ஒவ்வொரு படியிலும் லண்டன் 10 பென்ஸைக் குறைத்துக்கொள்ள, அந்த இடத்தை எந்த விகிதத்தால் நிரப்புவது என்று செனெத் தீர்மானிக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அதே 10 பென்ஸையே வைத்திருக்கிறது. கையில் கொடுத்த கருவியைத் தொடவே இல்லை என்று எதிர்த்தரப்பு நண்பர் குறை சொன்னால் மறுக்கமாட்டேன். எல்லையின் இருபுறமும் அத்தனை பேர் குடியிருக்கும் நாட்டில் விகிதத்தை மாற்றினால் எத்தனை பேர் வீட்டை மாற்றுவார்கள் என்ற அச்சமும் நியாயமானதே.

பெரும்பங்கு பணம் பார்னெட் சூத்திரத்தின்படி வருகிறது. இங்கிலாந்தில் ஒரு துறைக்குச் செலவு கூடினால், மக்கள்தொகை விகிதப்படி வேல்ஸுக்கும் கூடும். வேல்ஸில் முதியவர்களும் பழைய சுரங்கத் தொழில் தந்த நோய்களும் அதிகம், ஆனால் சூத்திரம் நீண்டகாலம் தலையை மட்டுமே எண்ணியது. தேவையைக் கணக்கில் எடுக்கும் திருத்தம் 2016 உடன்பாட்டில்தான் வந்தது. காவல்துறை, நீதிமன்றம், சிறை எல்லாம் லண்டனிடம். நீதித்துறையை வேல்ஸுக்குக் கொடுக்கலாம் என்று தாமஸ் ஆணையம் 2019-இல் பரிந்துரைத்தும் அப்படியே இருக்கிறது. ரயில் சேவையை நடத்துவது கார்டிஃப், ஆனால் தண்டவாளம் பெரும்பாலும் லண்டனுடையது. இதில் உள்ள வினோதத்துக்கு ஒரே உதாரணம் போதும்: எச்எஸ்2 அதிவேக ரயில் பாதையின் ஒரு மீட்டர்கூட வேல்ஸில் இல்லை, ஆனாலும் அது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவான திட்டம் என்று வகைப்படுத்தப்பட்டதால் சூத்திரப்படி வரவேண்டிய பங்கு வேல்ஸுக்கு வரவில்லை. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வந்தது.

96 உறுப்பினர்கள் பற்றி மட்டும் மாறுபடுகிறேன். 60 பேரில் முதல்வர், அமைச்சர்கள், அவைத் தலைவர் முதலியோரைக் கழித்தால் நாற்பத்துச் சொச்சம் பேர்தான் அரசைக் கேள்வி கேட்க மிஞ்சுவார்கள். ஆண்டுக்கு 2,500 கோடி பவுண்டுக்கு மேல் செலவிடும் அரசு அது. ஸ்காட்லாந்தில் 129 பேர், வட அயர்லாந்தில் 90. ஓர் உறுப்பினர் காலையில் ஒரு குழு, மாலையில் இன்னொரு குழு என்று ஓடுவார். மசோதாவின் வேல்ஷ் வடிவத்துக்கும் ஆங்கில வடிவத்துக்கும் சட்டத்தில் சம மதிப்பு. ஒரு மொழியில் ஒரு காற்புள்ளி நழுவினாலும் நீதிமன்றத்தில் நிற்கும். இதையெல்லாம் ஆறஅமரப் படிக்க ஆள் வேண்டாமா? இருபது மைல் விவகாரத்தில் ஆராய்ச்சி போதவில்லை என்று நண்பர் சொன்னதும் என் வாதத்துக்குத்தான் பலம்.

எதிர்த்தரப்பு:

ஆள் கூடினால் படிப்பார்கள் என்ற உத்தரவாதம் எங்கே? இதுவரை தொகுதி உறுப்பினர் என்று ஒருவர் இருந்தார், பிடிக்காவிட்டால் பெயர் சொல்லித் தோற்கடிக்கலாம். இனி கட்சிப் பட்டியல்தான். வரிசையை கட்சி முடிவு செய்யும். கேள்வி கேட்கிறவரின் பிழைப்பே கட்சித் தலைமை வைக்கும் வரிசை எண்ணில் இருக்கும்போது, அவர் தன் கட்சி அமைச்சரை எவ்வளவு கடுமையாகக் கேட்பார்? பணம் போதவில்லை என்பதை ஏற்கிறேன். முழங்காலுக்கு இரண்டு ஆண்டு என்பதைப் பணம் மட்டும் விளக்காது.

அவைக்குறிப்பு:

பட்டியல் முறை பற்றி நீங்கள் சொல்வதில் நானும் உடன்படுகிறேன். வாக்காளர் பட்டியலுக்குள் பெயரைத் தேர்ந்தெடுக்க இடம் விட்டிருக்கலாம்.

மருந்துச்சீட்டு:

நண்பர் நியூபோர்ட்வாசிக்கு, தேர்தலன்று உதவும் செய்திகள் சில. வேல்ஸ் இப்போது 16 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 6 உறுப்பினர்கள். உங்கள் தொகுதியின் பெயர் காஸ்னெவித் இஸ்லுயின். காஸ்னெவித் என்றால் நியூபோர்ட்டேதான், பெயர்ப்பலகையைப் பார்த்து வேறு ஊர் என்று திரும்பிவிடாதீர்கள். முன்பு போல இரண்டு சீட்டு இல்லை, ஒரே சீட்டு, ஒரு கட்சிக்கோ சுயேச்சைக்கோ எதிரே ஒரே ஒரு பெருக்கல் குறி. கட்சி பெற்ற வாக்கு விகிதத்துக்கு ஏற்ப ஆறு இடங்களும் பிரிக்கப்படும், ஆகவே இரண்டாவது மூன்றாவது இடக் கட்சிக்குப் போடும் வாக்கும் வீணாவதில்லை. காலை 7 முதல் இரவு 10 வரை. வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலைப் போலப் புகைப்பட அடையாள அட்டை கேட்கமாட்டார்கள். மகளை முதலில் பதிவு செய்யச் சொல்லுங்கள். கடிதம் வந்திருக்கிறது என்பதற்காகப் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது என்று இருந்துவிட வேண்டாம்.

செவ்வாய் அல்லது புதன் ஒரு நாள் கார்டிஃப் விரிகுடாவுக்குப் போய் அவையையும் பார்த்துவிட்டு வாருங்கள். கீழே வட்டமாக அவை, மேலே கண்ணாடிச் சுவருக்கு வெளியே நம் இருக்கைகள், காதில் மாட்டிக்கொள்ளக் கருவி தருவார்கள். வேல்ஷில் பேசினால் மொழிபெயர்ப்பு உடனுக்குடன் வரும். நான் போன அன்று மழைநீர் வடிகால் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் மட்டும் எழுந்து ஒரு குறிப்பிட்ட தெருவின் பெயரைச் சொல்லி அமைச்சரை விடாமல் மூன்று முறை கேட்டார்.